சூடு என்று சொல்லி வந்த நோய்

நெல்லைச் சீமையில் ஒரு பெண் "உடம்பு சூடாயிட்டு" என்று தயங்கிச் சொன்னால், அது வெள்ளைப்படுதலாகவும் இருக்கலாம் என்பது மூத்த பெண்களுக்குத் தெரியும். வெந்தயம் ஊறவைப்பார்கள். நாட்டு மருந்துக் கடையிலிருந்து வெண்பூசணி லேகியம் வரும்.

சித்த வைத்தியம் இந்த நோயை உடற்சூட்டோடு சேர்த்தே பார்த்தது. வெளியே கழுவத் திரிபலா குடிநீரோ படிகார நீரோ கொடுத்தது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிவற்றல் மூன்றையும் கொட்டை நீக்கி இடித்து, தண்ணீரில் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி ஆறவைத்தால் பழுப்பு நிறத்தில் துவர்ப்பான நீர் கிடைக்கும். கசிவைக் கட்டுவது அந்தத் துவர்ப்புதான் என்பது வைத்தியர்களின் கணக்கு.

சீனத்திலும் இதே வழக்கம் உண்டு. 'கு ஷென்' என்னும் கசப்பு வேரையும் 'ஷே சுவாங் ஸி' விதையையும் கொதிக்கவைத்துக் கழுவுவார்கள். ஃபூ ஷான் (1607–1684) பெயரில் வழங்கும் மகளிர் மருத்துவ நூல் வெள்ளைப்படுதலில்தான் தொடங்குகிறது. கசிவை நிறம் பார்த்து ஐந்தாகப் பிரிக்கிறது. நம்மவர்கள் சூட்டைக் குற்றம் சொன்னார்கள், அவர்கள் முதலில் ஈரத்தைச் சொன்னார்கள். கழுவும் வழக்கத்தில் உள்ள ஒற்றுமைக்குச் சான்றாக, போகர் என்ற சித்தர் சீனம் போனார் என்ற கதையை இழுக்க வேண்டியதில்லை. துவர்ப்பும் கசப்பும் இரண்டு மண்ணிலும் விளைகின்றன.

பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. மறு ஆண்டே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தது. வீட்டுக்குள் முணுமுணுத்த நோய், சித்தப் பட்டப்படிப்பில் 'சூல், மகளிர் மருத்துவம்' என்ற பாடத்துக்குள் வந்தது.

அதற்குள் நவீன மருத்துவம் வேறொரு காரணத்தைக் கண்டிருந்தது. கடும் அரிப்போடு தயிர்த் திப்பி போல வெள்ளை பட்டால், பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சைதான் காரணம். அதை அடக்கும் நிஸ்டாட்டினை 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். பாக்டீரியாவால் வரும் வெள்ளைக்கு மருந்து வேறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் கசிவு உண்டு. எல்லாவற்றையும் சூடு என்ற ஒன்றில் அடக்கியதால் எத்தனை பெண்கள் காலம் கடந்து மருத்துவமனைக்குப் போனார்களோ என்ற வருத்தம் எழாமல் இல்லை.

பூஞ்சைத் தொற்று வருடத்தில் மூன்று நான்கு முறை திரும்பினால், இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது அவசியம். அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்தாலும் அது திரும்பும். எந்தக் கஷாயமானாலும் உள்ளே செலுத்திக் கழுவினால், பூஞ்சையைத் தடுத்துவைக்கும் நல்ல பாக்டீரியாவும் அடித்துக்கொண்டு போய்விடும்.