பதினாறும் இரண்டும்

'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்னும் வாழ்த்துக்குப் பொருள் பதினாறு பேறுகளே, பதினாறு பிள்ளைகள் அல்ல என்று வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பதுண்டு. ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வரும் அவர்களுக்கு உடன்பிறந்தார் ஒருவர். பலருக்கு அதுவும் இல்லை. அம்மாயி எத்தனை பெற்றார் எனக் கேட்டால், "எட்டு, தங்கியது அஞ்சு" என்பார்கள். 'தங்கியது' என்னும் அந்தச் சொல்லில்தான் நாம் தேடும் வரலாறு தொடங்குகிறது.

1971இல் தமிழகப் பெண்ணொருத்தி சராசரியாக நான்கு குழந்தைகள் வரை பெற்றாள். 1990களின் முற்பகுதியிலேயே அது இரண்டை ஒட்டி இறங்கிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8. படிப்பும் செல்வமும் வந்தால் பிள்ளைப்பேறு குறையும் என்பது பொதுவான விளக்கம். ஆனால் 1991இல் தமிழகப் பெண்களில் பாதிப்பேர்தாம் எழுத்தறிந்திருந்தனர். நாட்டுப்புறம் செல்வத்தில் கொழிக்கவுமில்லை. பின் எவ்வாறு நிகழ்ந்தது இம்மாற்றம்?

மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல், நைஜீரியாவில் கள ஆய்வு செய்து 1976இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் பாயும்வரை பிறப்பு குறையாது. அந்த ஓட்டம் திசை மாறும்போதே குறையும் என்பது அதன் சாரம். எருமை மேய்க்கவும் பருத்தி எடுக்கவும் பிள்ளையின் கை தேவைப்பட்ட காலத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். எனினும் பனியன் கம்பெனிகளில் சிறார்கள் கைமடித்துக் கூலி வாங்கிய 1990களிலும் பிறப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆகவே, இக்கருத்து மட்டும் போதாது.

பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை முதற்காரணம் எனலாம். தடுப்பூசியும், கிராமச் செவிலியரும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் அந்நம்பிக்கையை ஊட்டின. பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை செலவாயிற்று; பேருந்தேறித் திருப்பூருக்குச் செக்கிங் வேலைக்குப் போன தாய்க்கு நேரமும் கூலியாயிற்று. நிலம் துண்டுபடுமே என்ற கொங்கு வேளாண் குடும்பங்களின் அச்சமும் சேர்ந்துகொண்டது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, ஊத்துக்குளிக்குக் கிழக்கே இதே இருப்புப்பாதையில் உள்ள ஈரோட்டிலிருந்து ஒரு குரல் எழுந்திருந்தது. 1930களில் பெரியார் கர்ப்பத்தடையை வலியுறுத்தினார். நாட்டின் வறுமைக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்பது அவர் வாதம். அரசு பின்னர் கையிலெடுத்ததோ வறுமைக் காரணத்தை. 1950களின் பிற்பகுதியிலேயே அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை தந்த முன்னோடி மாநிலம் சென்னை. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' முழக்கமும் சுவர்தோறும் ஏறின. நெருக்கடிநிலைக் காலக் கட்டாயங்களுக்குப் பின், ஆண்களுக்கான அறுவை நாடெங்கும் ஏறக்குறைய நின்றே போயிற்று. சுமை முழுதும் பெண்ணின் வயிற்றில் இறங்கியது. இன்று தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

கென்யாவிலும் 1970களின் இறுதியில் எட்டாக இருந்த சராசரி, 2022இல் 3.4 ஆயிற்று. அங்கே பெண்கள் பெரிதும் நாடுவது ஊசியும் தோலடிக் குச்சியும், வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாம். நம் பெண்களுக்கு அந்தத் தெரிவு பரவலாகக் கிட்டவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் திருப்பூர்த் தறிகளை ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டனவே, இன்னும் பெறுங்கள் என்ற குரல்களும் மேடைகளில் கேட்கின்றன. முன்னர் குறைக்கச் சொன்னவர்களும் இன்று கூட்டச் சொல்பவர்களும் கணக்கைப் பார்த்தே பேசினார்கள். எட்டுப் பெற்று மூன்றைப் பறிகொடுத்த அம்மாயியிடமோ, இரண்டோடு நிறுத்திக்கொண்ட அவர் மகளிடமோ யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பேரப்பெண்ணிடமாவது நாம் கேட்போமா?