மோட்டார் இல்லம்: சாலைப் பாதுகாப்பு

மோட்டார் இல்லம் என்பது படுக்கை, சமையலிடம், கழிப்பறை கொண்ட பயண வண்டி. அதன் முதன்மையான ஆபத்து எடை. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்துடன் ஓட்டுவதற்காகப் பல வண்டிகள் 3,500 கிலோ வரம்புக்குள் கட்டப்படுகின்றன. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ கூடும். மிகைச்சுமை டயரைச் சூடாக்கி வெடிக்கச் செய்யும். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தையும் நீட்டும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்படும் வண்டியில், டயர் தேயும் முன்பே ரப்பர் மூத்துப்போகிறது. எனவே தேய்மானத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும்; பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியையும் படிக்க வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். உயர்ந்த பக்கங்கள் குறுக்குக் காற்றில் வண்டியைத் தடம் விலக்கும். ஓடும்போது எரிவாயு உருளையின் வால்வை மூடுவதும், எல்லோரும் பெல்ட் உள்ள இருக்கையில் அமர்வதும் அவசியம். படுக்கை, நின்றபின் பயன்படுத்துவதற்கே.