மூச்சின்மேல் ஒரு திரை

வங்காளி மொழியில் ‘முகோஷ்’ என்றொரு சொல் உண்டு. புருலியா மாவட்டத்துச் சௌ நடனக்காரர்கள் அணியும் வண்ண முகங்களுக்கு அதுவே பெயர். 2020-ஆம் ஆண்டில் கொல்கத்தாவாசிகள் மூக்கையும் வாயையும் துணியால் மறைக்க நேர்ந்தபோது, அச்சொல்லைப் பெரும்பாலும் எடுத்தாளாமல் ‘மாஸ்க்’ என்றே வழங்கினர். தமிழிலும் ‘முகமூடி’ என்ற பழஞ்சொல் இருக்க, ‘முகக்கவசம்’ என்பதே வழக்கில் ஊன்றியது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் வியப்பில்லை. முகமூடி ஆளை மறைப்பது. கள்வனுக்கும் கூத்தாடிக்கும் உரியது. ஆயினும் கவசம் என்ற சொல்லிலும் ஒரு குறை உண்டு. கவசம் அணிந்தவனைக் காப்பது. இத்துணியின் வரலாறோ எதிரில் இருப்போரைக் காப்பதிலிருந்து தொடங்குகிறது.

படாபஜார் வீதிகளில் நடந்திருப்போர், வெண்துணியால் வாயை மறைத்த சமணத் துறவியரைக் கண்டிருக்கலாம். ஸ்தானகவாசி, தேராபந்தி ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த அவர்கள் இதை ‘முஹ்பத்தி’ என்பர். பேசுங்கால் எழும் வெம்மூச்சினால் காற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் தீங்கு நேரலாகாது என்பது கருத்து. 1897-ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் நகரத்து மிக்குலிக்ஸும், பாரிஸ் நகரத்துப் பால் பெர்ழேயும் அறுவை மேசையருகே வாயில் துணி கட்டிக்கொண்டபோது, அவர்களுடைய நோக்கமும் இத்தகையதே: தம் எச்சில் துளி நோயாளியின் புண்ணில் விழலாகாது என்பது.

அக்காலத்தில் கல்கத்தாவைக் கலங்கவைத்த நோய் பிளேக். ஹாங்காங்கில் 1894-இல் மூண்டு, 1896-இல் பம்பாய்க்குப் பரவி, 1898 ஏப்ரலில் இந்நகரில் தலைகாட்டியது. ஊசி குத்துவார்கள் என்ற அச்சத்தால் மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடினர். அந்த மே மாதத்தில் தெருக்களில் கலகமும் நடந்தது. மறு ஆண்டு சகோதரி நிவேதிதையும் இராமகிருஷ்ண மிஷன் துறவியரும் சந்துகளைத் துப்புரவு செய்தனர். அப்பணிக்கு வாய்த்துணி இன்றியமையாதது அன்று. ஏனெனில் இந்தியாவில் பெரிதும் பரவியது நெறிக்கட்டிப் பிளேக். அது எலித்தெள்ளின் வாயிலாகப் பரவுவது. இதனை 1898-இல் கராச்சியில் சோதனை செய்து காட்டியவர் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர்.

ஆனால் 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் மூண்டது வேறு வகை. அங்கே நோயாளிக்கு நெறி கட்டவில்லை. இருமினார், இரத்தம் உமிழ்ந்தார், ஓரிரு நாளில் மாண்டார். சீன அரசு அனுப்பிய இளம் மருத்துவர் வூ லியன்-தே, தமிழர் பலர் குடியேறி வாழும் பினாங்கில் 1879-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்றவர். கார்பின் நகரில் பிணம் ஒன்றை அறுத்து ஆராய்ந்த அவர், நோய் எலியால் அன்று, மனிதன் விடும் மூச்சாலேயே பரவுகிறது என்ற முடிவுக்கு வந்தார். சல்லாத்துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சை வைத்து, தலையைச் சுற்றிக் கட்டும் கவசமொன்றை வகுத்து, மருத்துவரும் பணியாளரும் அதை அணிய வேண்டுமென்றார்.

இளைஞர் ஒருவரின் சொல்லை, அதிலும் ஆசிய இனத்தவர் ஒருவரின் சொல்லை, மூத்தோர் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. தியன்ட்சினில் பேராசிரியராக இருந்த மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் வூவின் அறிவுரையைப் புறக்கணித்து, முகத்தில் துணியின்றி நோயாளிகளைப் பார்வையிட்டார். சில நாட்களில், 1911 ஜனவரி 11 அன்று, அதே நோயால் உயிர் நீத்தார். அதன்பிறகு கார்பினில் கவசத்துக்கு எதிர்ப்பேச்சு அடங்கிற்று. நோய் தணியுமுன் ஏறத்தாழ அறுபதாயிரம் உயிர்கள் போயின. அவ்வாண்டு ஏப்ரலில் முக்டன் நகரில் கூடிய பன்னாட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் வூ.

சரி, அவ்வாறு பயன் நல்கும் பொருளை மக்கள் ஏன் மூக்கிலிருந்து நழுவவிடுகிறார்கள்? 2020 ஏப்ரல் 12 அன்று மேற்கு வங்க அரசு பொதுவிடங்களில் மூக்கையும் வாயையும் மறைத்தல் கட்டாயம் என ஆணையிட்டது. அவ்வாண்டு துர்க்கா பூஜையின்போது பந்தல்களுக்குள் பொதுமக்கள் நுழையலாகாது என்று உயர்நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. எனினும் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்க நம்மவர் கூடும் லேக் மார்க்கெட்டிலும், பிற சந்தைகளிலும், வாய் மூடியிருக்க மூக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும் முகங்களுக்குக் குறைவில்லை. இதை அலட்சியம் என்று ஒரே சொல்லால் ஒதுக்குதல் நியாயமன்று.

மூக்கு வெறும் துளையன்று. நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் லிட்டர் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசு நீக்கி நுரையீரலுக்கு அனுப்பும் கருவி அது. மூச்சு தாராளமாக ஓடுகிறது என்று நாம் உணர்வது காற்றின் அளவைக் கொண்டு மட்டுமன்று; உள்ளே நுழையும் காற்று மூக்கின் உட்சவ்வைக் குளிர்விப்பதை நரம்புகள் அறிவிக்கின்றன, அதைக் கொண்டே பெரிதும் உணர்கிறோம். புதினா உப்பை முகர்ந்ததும் அடைப்பு விலகினாற்போல் தோன்றுவது இதனால்தான். உண்மையில் வழி அகலுவதில்லை, குளிர்ச்சியுணர்வே கூடுகிறது. கவசத்துக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. நாம் விட்ட வெம்மூச்சின் சூடும் ஈரமும் அங்கே தங்கி, அடுத்த மூச்சுடன் கலந்து உள்ளே செல்கின்றன. குளிர்ச்சி குறைகிறது, மூக்கு அடைத்துக்கொண்டாற்போல் ஓர் எண்ணம் உண்டாகிறது. பலர் தம்மையறியாமல் வாயால் மூச்சுவிடத் தொடங்குவர்; தொண்டை வறளும்.

இத்துடன் கொல்கத்தாவின் ஆனி மாதப் புழுக்கமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? வியர்வையில் நனைந்த துணியின் இழைத்துளைகளை நீர் அடைத்துவிட, காற்று புகுவதற்கே வலிந்து இழுக்க வேண்டியிருக்கிறது. நனைந்ததை மாற்றி உலர்ந்ததை அணிந்தால் இத்தொல்லை பெருமளவு நீங்கும். உயிர்வாயு குறைந்துவிடும் என்று பலர் அஞ்சினர். கரியமிலவாயுவின் மூலக்கூறு இழைத்துளையைவிட மிகமிகச் சிறியது. சாதாரணத் துணிக் கவசத்தால் நல்ல உடல்நிலையிலுள்ளவரின் இரத்தத்தில் உயிர்வாயு குன்றுவதில்லை. ஆஸ்துமா முதலிய நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். இன்னொன்று: மூக்கின் இரு துளைகளும் எப்போதும் சமமாக இயங்குவதில்லை, சில மணிக்கொருமுறை ஒன்று தளர, மற்றொன்று சற்று அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் கைஸர் 1895-இல் இதை விவரித்தார். சரம் பார்த்துப் புறப்படும் வழக்கமுடைய நம் முன்னோர்க்கு இடகலை, பிங்கலை மாறுவது புதிய செய்தி அன்று. இயல்பான அந்த அடைப்பையும் நாம் கவசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நோய்க்கு முன்பே இந்நகரின் மூக்கைத் துன்புறுத்தி வந்தது புகை. ஆலைப் புகையை அடக்க 1863-இலேயே கல்கத்தாவுக்கும் ஹௌராவுக்கும் சட்டம் பிறந்தது. அது போதாதென்று 1905-இல் வங்காளப் புகைத்தொல்லைச் சட்டம் வந்தது. ஆலைகள்மீது சட்டம் பாய்ந்தது; ஆயிரமாயிரம் வீடுகளில் மாலைதோறும் மூட்டப்பட்ட நிலக்கரி அடுப்புகளைத் தீண்டவில்லை. குளிர்காலத்தில் மேற்காற்று சூடாகவும் தரைக்காற்று குளிர்ந்தும் நிற்பதால் புகை மேலெழாமல் சந்துகளிலேயே தங்கும். இன்று நிலக்கரியடுப்பு அருகிவிட்ட போதிலும், வண்டிப் புகையும் கட்டடத் தூசும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

மார்கழிக் காலையில் ஏரிக்கரையில் உலாவும் வங்காளி அன்பர்களின் குரங்குக் குல்லாயைக் கண்டு நம்மவர் நகைப்பதுண்டு; ஓரிரு ஆண்டுகளில் தாமும் மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொள்வதுமுண்டு. அது தவறன்று. குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கித் தருவதால் மூக்குக்கு அது இதமே. கோடையில் தொல்லையாக இருந்த அதே வெம்மையும் ஈரமும் குளிரில் உதவியாகின்றன. ஆனால் நுண்புகையை மப்ளர் தடுக்காது. சாதாரணத் துணிக் கவசமும் போதிய அளவு தடுக்காது. மின்னேற்றம் பெற்ற நுண்ணிழைகளால் ஆன என்-95 வகை, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால், நுண்துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையாவது பிடித்து நிறுத்தும். புகையோடு கலந்துவரும் வாயுக்களை அதுவும் நிறுத்தாது.