பிள்ளைப்பாக்கமும் கங்கைகொண்டானும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024 ஜனவரியில் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுள்ள சோலார் பேனல் ஆலையைத் திறந்தது. திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் டாடா பவரின் துணை நிறுவனமான டிபி சோலார் 4.3 கிகாவாட் ஆலையை நடத்துகிறது. இரண்டிலிருந்து வரும் பேனலும் வெயிலை மின்சாரமாக்குகிறது. ஆனால் நாளை ஒரு போரோ, ஏற்றுமதித் தடையோ, வெள்ளமோ வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் அடிவாங்காது. எது எங்கே அடிவாங்கும் என்று அறிவது நமக்கு அவசியம்.

கங்கைகொண்டானுடையது சிலிக்கான் வழி. குவார்ட்ஸ் கல்லை உலையில் உருக்கிச் சிலிக்கான் எடுக்க வேண்டும். அதை வாயுவாக்கிச் சுத்தப்படுத்திப் பாலிசிலிக்கான் ஆக்க வேண்டும். மறுபடி உருக்கி இங்காட் என்ற கட்டியாக வளர்த்து, வைரத்துகள் பதித்த கம்பியால் மெல்லிய வேஃபர்களாக அறுக்க வேண்டும். வேஃபர் செல்லாகி, செல்கள் கண்ணாடிக்கடியில் கோக்கப்பட்ட பிறகுதான் பேனல். இந்தியாவில் கடைசி இரண்டு கட்டங்களில்தான் நாம் வேகமாக வளர்ந்திருக்கிறோம். வேஃபர் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகிறது.

சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல். உலகில் உற்பத்தியாகும் ஏழு பேனல்களில் ஒன்று ஒரே ஓர் ஆலையிலிருந்து வருவதாகவும் அது சொன்னது. 2020 ஜூலையில் சின்ஜியாங்கில் ஒரு பாலிசிலிக்கான் ஆலை வெடித்தபோது, சில வாரங்களிலேயே பாலிசிலிக்கான் விலை ஏறியது. பேனல் ஆலைகளை வியட்நாம், தாய்லாந்து, இந்தியா என்று எத்தனை நாடுகளில் கட்டினாலும் அத்தனைக்கும் வேஃபர் ஓரிடத்திலிருந்துதான் வருகிறதென்றால், அது பத்து வாய்க்கால் வெட்டி ஒரே மதகை நம்பியிருக்கும் பாசனம். வரைபடத்தில் பரவல் தெரியும். மதகு அடைபட்டால் எல்லா வயலும் ஒன்றாகவே காயும்.

சீனா மட்டுமே மதகு என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்காட் வளர்க்கும் மூசைக்கு மிகத் தூய குவார்ட்ஸ் வேண்டும். அதில் பெரும்பகுதி அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்தில் உள்ள ஸ்ப்ரூஸ் பைன் என்ற சிற்றூரின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் அங்கே வெள்ளத்தைக் கொண்டுவந்தபோது சுரங்கங்கள் நின்றன. விரைவிலேயே மீண்டதால் பெரிய சேதமில்லை. ஆனால் அந்த ஊரின் பெயரைப் பலரும் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். பெயரே தெரியாத இடத்துக்கு யார் மாற்று ஏற்பாடு செய்து வைப்பார்கள்?

பிள்ளைப்பாக்கத்தின் வழி குட்டையானது. கண்ணாடித் தகடு ஒரு பக்கம் உள்ளே போகிறது. அதன்மேல் சில மைக்ரான் கனத்துக்குக் காட்மியம் டெலுரைடு படிகிறது. சுமார் நான்கு மணி நேரத்தில் மறுபக்கம் பேனலாக வெளியே வருகிறது. பாலிசிலிக்கானும் வேஃபரும் இதற்கு வேண்டியதில்லை. அமெரிக்கா, மலேசியா, வியட்நாம், இந்தியா என்று அந்த நிறுவனத்தின் ஆலைகள் ஒவ்வொன்றும் முழு வேலையையும் தானே செய்பவை. அதனால் 2025இல் அமெரிக்காவின் இறக்குமதி வரிகள் காரணமாக மலேசியாவிலும் வியட்நாமிலும் உற்பத்தியைக் குறைத்தபோது, மற்ற ஆலைகள் அவற்றை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கவில்லை. பரவல் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இதுதான் என்பேன். சந்தை சரிந்தால் இதுவும் காப்பாற்றாது; இதே நிறுவனம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடர் ஆலையை 2012இல் மூட வேண்டியிருந்தது.

இந்த வழிக்கும் ஒரு மதகு உண்டு: காட்மியம் டெலுரைடில் உள்ள டெலூரியம். அதற்கென்று பெரிதாகச் சுரங்கம் வெட்டுவதில்லை. செம்பைச் சுத்திகரிக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் கசடிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஆகவே விலை இரட்டிப்பானாலும் உற்பத்தி எளிதில் இரட்டிப்பாகாது. செம்பு எவ்வளவோ அவ்வளவே டெலூரியம். உலகின் மொத்த ஆண்டு உற்பத்தியே ஆயிரம் டன்னை ஒட்டித்தான். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனாவில் சுத்திகரிக்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் சீனா டெலூரியத்தையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவந்தது. மாற்று ஏற்பாடுகளும் நடக்கின்றன: சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ 2022இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள தன் கென்னகாட் செம்பு ஆலையில் டெலூரியம் எடுக்கத் தொடங்கியது, ஃபர்ஸ்ட் சோலார் 2005 முதலே பழைய பேனல்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்து வருகிறது.

இரண்டு பலவீனங்களும் ஒரே வகையானவை அல்ல. டெலூரியத்தின் குறை மண்ணின் குறை. பூமியின் மேலோட்டில் அது மிக அரிது. சிலிக்கானின் குறை மனிதர் உண்டாக்கியது. மணல் எங்கும் கிடக்கிறது, உலை மட்டும் ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. மலிவான மின்சாரமும், பல ஆண்டு முதலீடும், கைதேர்ந்த பொறியாளர்களும் இருந்தால் சிலிக்கானின் குறையைத் தீர்க்கலாம். இன்று உறுதியாக நிற்பது பிள்ளைப்பாக்கத்தின் முறை; நாளை பெருக்கக்கூடியது கங்கைகொண்டானின் முறை.

ஒன்றிய அரசு 2022 ஏப்ரல் முதல் இறக்குமதியாகும் பேனலுக்கு 40, செல்லுக்கு 25 விழுக்காடு சுங்கவரி விதித்தது. அதன் பலனாகப் பேனல் கோக்கும் கூடங்கள் பெருகிவிட்டன. இனி அரசு தரும் மானியத்தின் ஒவ்வொரு ரூபாயும் இங்காட்டுக்கும் வேஃபருக்கும் பாலிசிலிக்கானுக்கும் போகட்டும். இன்னொரு பேனல் கூடத்துக்கு வேண்டாம்.