கறுப்பு அன்னம்

நடவாத ஒன்றைக் 'குதிரைக் கொம்பு' என்கிறோம் நாம். ஆங்கிலேயரோ பன்றி பறக்கட்டும் என்பர். நரகம் உறையட்டும் என்பர். இவற்றினும் பழைமையான தொடர் ஒன்று அவர்களிடம் உண்டு. அதுவே கறுப்பு அன்னம். (பாலையும் நீரையும் பிரிக்கும் நம் புலவர்களின் அன்னம் அன்று இது, ஐரோப்பிய ஏரிகளில் நீந்தும் பெரிய வெண்பறவை.)

இதன் வேர் ரோமாபுரியில் உள்ளது. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுவெனால் என்னும் அங்கதப் புலவன், குறையற்ற மனைவி ஒருத்தியைக் காண்பது கறுப்பு அன்னத்தைக் காண்பது போன்றது எனப் பாடிவைத்தான். பெண்ணைப் பழிக்கப் பிறந்த உவமை! இலத்தீன் பயின்ற ஆங்கிலேயர் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர். இல்லாப் பொருளுக்கு அது பெயராயிற்று. தருக்க நூலாரும் 'அன்னம் யாவும் வெண்மை' என்பதை ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகக் காட்டி வந்தனர்.

1694இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலொன்று காணாமற் போயிற்று. அதனைத் தேடும் பணியும் ஏற்று, வில்லம் தெ விளாமிங் என்ற தலைவர் மூன்று கப்பல்களுடன் புறப்பட்டார். கப்பல் அகப்படவில்லை. 1697 சனவரியில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஓர் ஆற்றினுள் படகு செலுத்திய அவருடைய ஆட்கள் கண்டவை கறுப்பு அன்னங்கள்! சிலவற்றைப் பிடித்துப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டு சென்றனர். ஆற்றுக்கும் அன்ன ஆறு என்றே பெயரிட்டனர். பெர்த் நகரம் இன்று அதன் கரையில்தான் உள்ளது.

உவமை பொய்த்தது, ஆயினும் தொடர் மாயவில்லை. 1843இல் வெளிவந்த தம் தருக்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில், கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றை முடிவு கட்டுவதன் பிழைக்கு இவ்வன்னத்தையே சான்றாக்கினார். 2007இல் நசீம் தாலிப் எழுதிய நூலுக்குப் பின்னர், எவரும் எதிர்பாராது வந்து உலகைப் புரட்டும் நிகழ்ச்சியையே இச்சொல் பெரிதும் குறிக்கிறது. இல்லாததைச் சுட்டிய சொல், வந்தே தீர்வதைச் சுட்டலாயிற்று.

'கண்டுபிடித்தனர்' என்று எழுத நம் பேனா கூசுகிறது. அவ்வாற்றங்கரையில் டச்சுக்காரர் கண்டவை காலடிச் சுவடுகளும் புகையும் ஒரு குடிசையுமே. மனிதர் எவரும் அவர்கள் முன் வரவில்லை. அம்மண்ணின் மக்களாகிய நூங்கார்கள், ரோமாபுரி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள். அவர்கள் நாள்தோறும் கண்ட பறவை அது. அதனை அவர்கள் 'மாலி' என்றழைத்தனர்.