சென்னையில் பயின்ற சுப்பாராவ்: ஒரு மருந்தின் வரலாறு

ரேணிகுண்டா சந்திப்பில் வந்திறங்கி, தெலுங்கு நாட்டையே வாழிடமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர் நாம். சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை இராச்சியத்தோடு இணைந்திருந்தமையால் நாம் இங்கு முற்றிலும் அயலார் அல்லோம். அக்காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து கல்வி தேடிச் சென்னை சென்றோர் பலர். அவருள் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

மூட்டு முடக்குவாதத்தால் வருந்தும் பெரியோர் உள்ள இல்லங்கள் பலவற்றில் இரண்டு மாத்திரைகளைக் காணலாம். ஒன்று மெதோட்ரெக்சேட், வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உண்பது. (தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு என்பதை இடையே சொல்லி வைக்கின்றோம்.) மற்றொன்று, அதன் கடுமையைத் தணிக்கும் ஃபோலிக் அமிலம். ஒன்றுக்கொன்று பகையான இவ்விரண்டும் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஒரே மனிதரின் தலைமையில் உருப்பெற்றவை. அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்த அவர், மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறை முயன்றே சென்னையில் தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பிற்கிணங்கக் கதர் அணிந்தது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு இரையாயினர். அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார்.

1922இல் பாஸ்டன் நகர் சேர்ந்து, இரவில் மருத்துவமனையில் ஊழியம் புரிந்து பயின்றார். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் அவர் செய்த ஆய்வுகள் தனிக் கட்டுரைக்குரியவை. 1940இல் லெடர்லிக்குச் சென்றார். 1945இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது நற்பயன் தந்தது. தம் உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவருக்கு அச்செய்தி எவ்வாறு இருந்திருக்கும்!

அதே காலத்தில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைவதுபோல் தோன்றியது. அப்படியானால் அதற்கு எதிரி ஒன்று கிடைத்தால்? சுப்பாராவின் குழு அமினோப்டெரினை ஆக்கி அனுப்பியது. மெதோட்ரெக்சேட்டின் மூத்த உடன்பிறப்பு அது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்துண்ட 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிவு தற்காலிகமே, எனினும் அதுவரை அந்நோய்க்கு முன் மருத்துவர் கைகட்டி நின்றதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்மருந்து செய்வது யாது? உடலின் வேதிவினைகளை விரைந்து நடத்தும் புரதங்களை நொதிகள் என்கிறோம். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி, ஃபோலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவிற்கு மாற்றுகிறது. அவ்வடிவம் இன்றேல் செல்லால் மரபுப்பொருளை ஆக்க இயலாது. மருந்தோ ஃபோலிக் அமிலத்தை ஒத்த உருவினது. பூட்டினுள் நுழைந்து திரும்பாமலும் வெளிவராமலும் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவியைப் போல் நொதியை அடைத்துக்கொள்கிறது. விரைந்து பெருகும் செல்களே முதலில் நலிகின்றன. புற்றுச் செல்லும் அவ்வகையே, வாயின் உட்தோலும் அவ்வகையே. வாய்ப்புண் தோன்றுவது இதனாலேயே. முடக்குவாதத்திற்குத் தரும் சிற்றளவில் மருந்தின் வேலை வேறு வழியிலும் நடக்கிறது.

பூட்டை அடையுமுன் வாயிலைக் கடக்க வேண்டுமன்றோ? செல்லின் மேலுறையில் ஃபோலேட்டை உள்ளே கொண்டு சேர்க்கும் கடத்திப் புரதம் ஒன்றுண்டு. ஏமாந்த வாயில்காப்போனாய் மருந்தையும் அது உள்ளே விடுகிறது. சில புற்றுச் செல்கள் அக்கடத்தியைக் குறைத்துக்கொண்டோ, நொதியை மிகுத்துக்கொண்டோ மருந்திற்குத் தப்பிவிடுகின்றன. மூன்றாவது வகை இலக்காகிய ஏற்பிகளை இம்மருந்து நாடுவதில்லை. ஆஸ்துமா அன்பர்கள் உறிஞ்சும் சால்புடமால், மூச்சுக்குழல் தசையிலுள்ள ஏற்பியைத் தூண்டித் தசையைத் தளர்த்துகிறது.

நொதியே மெதோட்ரெக்சேட்டின் இலக்கு என்பது 1958 அளவிலேயே விளங்கிற்று. சுப்பாராவ் அதைக் காணவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தில் தம் 53ஆம் வயதில் காலமானார். 1922இல் கடல் கடந்தவர், தாயகம் திரும்பவேயில்லை.