தாம்பத்திய உறவில் வலியா? பிசியோதெரபி மூலம் தீர்வு காணலாம்

கொல்கத்தா: தாம்பத்திய உறவின்போது பெண்களுக்கு ஏற்படும் வலியை, 'போகப்போகச் சரியாகிவிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால், மாதக்கணக்கில் நீடிக்கும் வலி சகித்துக்கொள்ள வேண்டியதன்று. சிகிச்சை பெற வேண்டியது.

தொற்று, எண்டோமெட்ரியோசிஸ், பிரசவத் தையலின் தழும்பு, பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பின்னரும் ஏற்படும் வறட்சி எனக் காரணங்கள் பல. எனவே, முதலில் மகளிர் நல மருத்துவரின் பரிசோதனை அவசியம்.

பலருக்கு இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கமும் வலிக்குக் காரணமாகிறது. தூசி பறந்து வரும்போது இமை தானாக மூடிக்கொள்வதைப் போல, வலியை எதிர்பார்த்து இத்தசைகள் தாமாகவே இறுகுகின்றன. இறுக்கம் வலியைக் கூட்ட, வலி அச்சத்தை வளர்க்கிறது. பெண்ணின் விருப்பமின்மை என்று கணவர் வீட்டார் இதைத் தவறாக எண்ணிவிடுவதுதான் வேதனை. 'வஜைனிஸ்மஸ்' எனப்பட்ட இந்த நிலையையும் உறவின்போதான வலியையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் ஒரே நோயாக வகைப்படுத்தியது.

சிகிச்சை விரிவான உரையாடலுடன் தொடங்குகிறது. உட்பரிசோதனை பெண்ணின் சம்மதத்துடன் மட்டுமே செய்யப்பட வேண்டும். எந்த நேரத்திலும் அவர் நிறுத்தச் சொல்லலாம். வயிறு விரிய மூச்சை உள்ளிழுக்கும்போது இடுப்புத் தளம் சற்றுத் தளர்ந்து இறங்கும். அந்தத் தளர்வை உணரப் பழகுவதே முதல் பாடம். பின்னர், 'டைலேட்டர்' எனப்படும் வழுவழுப்பான உருளைகளைச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக வீட்டிலேயே பயன்படுத்தக் கற்றுத் தரப்படுகிறது. வலி தோன்றினால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அவசரம் கூடாது. கணவரும் உடன் வந்து கேட்டறிவது நல்லது.

இணையக் காணொலிகளைப் பார்த்து 'கெகல்' பயிற்சி செய்வோர் கவனிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-இல் விவரித்த அந்தப் பயிற்சி, தளர்ந்த தசைகளை வலுப்படுத்துவது. ஏற்கெனவே இறுகிய தசைகளுக்கு அது வலியை அதிகரிக்கக்கூடும்.

உடலுறவுக்கு இயலாமையால் திருமணம் நிறைவுறாதிருந்தால், அதை ரத்து செய்யக் கோர 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 12 வழிவகுக்கிறது. குணப்படுத்தக்கூடிய தசை இறுக்கம், நீதிமன்றத்துக்குச் செல்லும் முன் மருத்துவரிடம் செல்ல வேண்டாமா?

லேக் கார்டன்ஸ் உள்ளிட்ட தெற்குக் கொல்கத்தா பகுதியினர், எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையின் மகளிர் நலத் துறையை அணுகலாம். உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையும் அங்கு உள்ளது. எல்லா பிசியோதெரபிஸ்டுகளும் இடுப்புத் தளச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர் என்பதால், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.